த்ரீ கன் ஆசையும் தாத்தாவின் 12 போரும்: கொங்கு நாட்டிலிருந்து எங்கே தொடங்குவது?

திருப்பூரில் பின்னலாடை யூனிட் நடத்தும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அமெரிக்காவில் நடக்கும் மல்டி கன் போட்டி வீடியோக்களை ராத்திரி தூங்காமல் பார்க்கிறேன். துப்பாக்கியை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், அதில் என்னென்ன மாற்றுகிறார்கள், இடுப்பில் மாட்டியிருக்கும் சாமான்கள் எதற்கு? இங்கே இருந்துகொண்டு அதற்குக் கிட்டத்தில் எதையாவது செய்ய முடியுமா? காங்கயம் பக்கம் தோட்டத்து வீட்டில் தாத்தாவின் ரெட்டைக் குழல் 12 போர் துப்பாக்கி இருக்கிறது. கோவை கணபதியில் தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்து அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடவே கூடாது. கணபதியிலும் பீளமேட்டிலும் குறிச்சி சிட்கோவிலும் செய்ய முடியாத வேலை என்று ஒன்று கிடையாது, அதுதான் எனக்குப் பயமே. "குழலை நாலு இஞ்ச் குறைக்கணுமுங்க" என்று சொன்னால் டீ ஆறுவதற்குள் குறைத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் தனி லைசென்ஸ் வேண்டும். குழலைக் குறைப்பதற்கென்றே 6-ஆம் பிரிவு இருக்கிறது. வைத்திருக்க வாங்கிய லைசென்ஸ், வெட்டி ஒட்ட வாங்கிய லைசென்ஸ் ஆகாது. மாட்டினால் நீங்கள் மட்டுமல்ல, உதவி செய்த பட்டறைக்காரரும் சேர்ந்து மாட்டுவார்.

தாத்தா இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், லைசென்ஸ் அவர் பேரில்தான். அதை நீங்களாகத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்குப் போக முடியாது. காலமாகிவிட்டார் என்றால் அந்தத் துப்பாக்கி பீரோவில் இருப்பதே தவறு. போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டு, வாரிசு என்ற முறையில் உங்கள் பேருக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஊர்ப்புறம் என்றால் மாவட்ட ஆட்சியர், மாநகர எல்லைக்குள் என்றால் போலீஸ் கமிஷனர். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள் என்பது தோட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்ததுதான்.

இன்னொன்று. அந்தக் காலத்து ரெட்டைக் குழல்களில் பலவற்றுக்குத் தோட்டா உட்காரும் அறையின் நீளம் 65 மில்லிமீட்டர். 70 மில்லிமீட்டர் தோட்டாவை அதில் போட்டால் உள்ளே போய்விடும், மூடவும் மூடிக்கொள்ளும். சுடும்போது தோட்டாவின் வாய் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். அதனால் லைசென்ஸ் முறையாக உங்கள் பேருக்கு வந்த பிறகும், துப்பாக்கி டீலரிடம் அறை நீளத்தை அளந்து பார்க்காமல் ஒரு தோட்டா கூடப் போடாதீர்கள்.

சரி, இப்போது வீடியோவுக்கு வருவோம்.

மல்டி கன் என்பதில் அதிகம் பார்க்கப்படுவது த்ரீ கன். ரைஃபிள், பிஸ்டல், ஷாட்கன் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் மாற்றி மாற்றிச் சுட வேண்டும். ஒரு ஸ்டேஜில், அதாவது போட்டியின் ஒரு சுற்றில், கையெட்டும் தூரத்தில் அட்டை இலக்கும் இருக்கும், சில நூறு கஜத்துக்கு அப்பால் இரும்புத் தகடும் இருக்கும். எவ்வளவு நேரத்தில் முடித்தீர்கள் என்பதுதான் கணக்கு. விட்டுப்போன இலக்குக்குத் தண்டனையாக விநாடிகள் சேரும். எனவே எதை வாங்குவது என்று யோசிக்கும் முன் அவர்கள் முடிவு செய்வது, எந்தப் பிரிவில் ஆடுவது என்பதை. ஓபன் பிரிவில் ஏறக்குறைய எல்லாம் செல்லும். டாக்டிகலில் ரைஃபிளுக்கு மட்டும் உருப்பெருக்கும் ஸ்கோப் ஒன்று. லிமிடெட் இன்னும் கட்டுப்பாடானது. ஹெவி மெட்டல் என்றால் .308 ரைஃபிள், .45 பிஸ்டல், 12 போர் என்று பெரிய விட்டமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். பிரிவைத் தீர்மானிக்காமல் சாமான் வாங்கியவர்தான் இரண்டு முறை காசு செலவழிப்பவர். இது எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

வீடியோவில் ரைஃபிள்தான் கண்ணைப் பறிக்கும். ஆனால் போட்டி ஜெயிப்பதும் தோற்பதும் ஷாட்கனில். காரணம் எளிது: ரைஃபிளுக்கும் பிஸ்டலுக்கும் மேகசினை, அதாவது தோட்டாப் பெட்டியை, மாற்றினால் ஒரு விநாடி சொச்சத்தில் வேலை முடிந்தது. ஷாட்கனில் குழலுக்குக் கீழே ஓடும் குழாயில் தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். ஒரு ஸ்டேஜில் இருபது தோட்டா தேவை என்றால், சுடும் நேரத்தைவிட நிரப்பும் நேரம் அதிகமாகிவிடும். அங்கே விழும் விநாடிகளை எந்த ஸ்கோப்பும் மீட்டுத் தராது.

அவர்கள் நிரப்புவதை அடுத்த முறை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இடுப்பு பெல்டில் தோட்டாக்கள் இரண்டிரண்டாக, ஒன்றின் பின்னால் ஒன்று முட்டி நிற்கும். கை ஒரு தடவை கீழே போய் நான்கைப் பிடித்துக்கொண்டு வரும். துப்பாக்கி தலைகீழாகத் தோளிலோ அக்குளிலோ இருக்கும். பெருவிரல் முதல் ஜோடியை ஒரே தள்ளில் உள்ளே அனுப்பும், விரலைத் தூக்காமலே இரண்டாவது ஜோடி வாய்க்கு வந்துவிடும். அந்தப் பெருவிரல் சிக்காமல் இருக்கத்தான் தோட்டா நுழையும் வாயை அகலமாக்கி, விளிம்பைச் சாய்த்து வழவழப்பாக்குகிறார்கள். உள்ளே தோட்டாவைத் தூக்கும் தகட்டையும் நீளமானதாக மாற்றுவார்கள், பழைய தகட்டின் பிளவில் நகம் மாட்டிக் கிழியும் என்பதால். குழாயை நீட்டிப்பது அடுத்தது. பெனெல்லி எம்2, பெரெட்டா 1301 இரண்டும் இந்த வேலைக்குப் பேர்போனவை, கனம் குறைவு, நம்பிச் சுடலாம். ஓபன் பிரிவில் பெட்டி மேகசின் ஷாட்கன் வைத்து இந்தத் தலைவலியே இல்லாமல் செய்துவிடுபவர்களும் உண்டு. நான் பார்த்த வரையில் அந்தப் பெட்டி மேகசின்கள்தான் ஸ்டேஜ் நடுவில் அதிகம் சிக்கிக்கொள்கின்றன.

ரைஃபிளில் பெரும்பாலானவர்கள் வைத்திருப்பது ஏஆர்-15 வகை, 5.56 அல்லது .223. பதினெட்டு அங்குலக் குழல், வெடித்த வாயுவைப் பின்னுக்கு அனுப்பி அடுத்த தோட்டாவை ஏற்ற நீளமான கேஸ் குழாய். மாற்றங்கள் எல்லாம் ஒரே நோக்கத்துக்கு: சுட்ட பிறகு ஸ்கோப்பில் புள்ளி இலக்கை விட்டு நகரக் கூடாது. குழல் முனையில் உதைப்பைக் குறைக்கும் பிரேக், அந்த கேஸைக் கூட்டிக் குறைக்கும் திருகு, கனம் குறைந்த போல்ட். மூன்றையும் சேர்த்து டியூன் செய்தால் உதைப்பு தட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும். ஆனால் ரொம்பவும் குறைத்து டியூன் செய்த ரைஃபிள், அழுக்கேறிய மதிய வேளையில் தோட்டாவை வெளியே தள்ளாமல் நின்றுவிடும். அதனால் அனுபவசாலிகள் திருகை ஒரு நிலை கூட்டியே வைப்பார்கள். ஸ்கோப் 1 முதல் 6 அல்லது 8 மடங்கு வரை கூட்டக்கூடியது. ஒன்றில் வைத்தால் பக்கத்து இலக்கை இரண்டு கண்ணும் திறந்தபடியே சுடலாம், ஆறில் வைத்தால் தூரத்துத் தகடு தெரியும். காசு எங்கே போட வேண்டும் என்று கேட்டால் ஸ்கோப்பிலும் டிரிகரிலும் என்பேன். கைப்பிடி உறையின் நிறத்திலும் துளைகளின் வடிவத்திலும் போடும் காசு போட்டோவுக்கு.

பிஸ்டல் மூன்றில் சுலபம். க்ளாக் 34, சீஇசட் ஷேடோ 2, அல்லது காசிருந்தால் 2011 என்ற மாடல் வகை, எல்லாம் 9 மில்லிமீட்டரில். மேகசின் நுழையும் வாயில் புனல் போல ஒரு விரிவு, குறிபார்க்கும் முன் சைட்டில் ஒளிரும் ஃபைபர் குச்சி, கொஞ்சம் இளக்கிய டிரிகர், அவ்வளவுதான். உறைதான் முக்கியம். வெறும் பிஸ்டல் போட்டியில் திறந்த உறை போதும். த்ரீ கன்னில் தோட்டா நிரப்பிய பிஸ்டலை இடுப்பில் வைத்துக்கொண்டு ரைஃபிளோடு ஓட வேண்டும், குனிய வேண்டும், சுவருக்கடியில் நுழைய வேண்டும். பூட்டு இல்லாத உறையிலிருந்து பிஸ்டல் நழுவி விழுந்தால் அன்றைய போட்டியிலிருந்தே வெளியே அனுப்பிவிடுவார்கள். குழல் 180 பாகையைத் தாண்டிப் பின்னால் திரும்பினாலும் அதே கதிதான்.

பெல்ட் இரண்டு அடுக்கு. உள் பெல்ட் பேண்ட் லூப்பில், வெளி பெல்ட் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். ஸ்டேஜுக்குத் தகுந்தபடி ஷாட்கன் தோட்டாப் பட்டையை முன்னால் நகர்த்தலாம். காதுக்கு எலக்ட்ரானிக் மஃப், அதிகாரியின் கட்டளை கேட்கும், வெடிச் சத்தம் மட்டும் அடங்கும். கண்ணுக்குப் பாலிகார்பனேட் கண்ணாடி. இந்த இரண்டையும் மட்டும் நாளைக்கே வாங்கிவிடலாம், எந்தப் போட்டிக்கும் உதவும்.

இனி கசப்பான பகுதி. இதில் பெரும்பாலானது இந்தியாவில் ஒரு சாதாரண லைசென்ஸ்தாரருக்குக் கிடைக்காது. செமி ஆட்டோமேடிக் ரைஃபிள் கட்டுப்படுத்தப்பட்ட வகை. 9 மில்லிமீட்டர் ராணுவம், போலீஸ் தோட்டா என்பதால் அதைச் சுடும் பிஸ்டலும் அப்படியே. அதனால்தான் நம் ஊர் லைசென்ஸ் பிஸ்டல்கள் .32 ஆக இருக்கின்றன. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடியது மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அந்த விலக்கு பதக்கமும் தகுதிப் புள்ளியும் காட்டியவர்களுக்கு. வீடியோ பார்த்து ஆசைப்பட்டவர்களுக்கு இல்லை. "காசு கொடுத்தால் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஆனால் மூன்று துப்பாக்கியும் மூன்று தனிப் போட்டிகளாக நம் நாட்டில் இருக்கின்றன. 1951-இல் தொடங்கிய தேசிய ரைஃபிள் சங்கத்தின் கீழ் மாவட்ட கிளப், மாநிலப் போட்டி, ஜி.வி. மாவளங்கர் போட்டி, தேசியப் போட்டி என்று ஏணி ஒழுங்காகப் போகிறது. ரைஃபிளும் பிஸ்டலும் காற்றழுத்தத்தில் சுடும் 10 மீட்டர் ஏர் வகையில், ஷாட்கன் பறக்கும் தட்டைச் சுடும் ட்ராப்பில். 4.5 மில்லிமீட்டர், அதாவது .177 விட்டத்துக்கும் 20 ஜூல் சக்திக்கும் மேற்படாத ஏர் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம். கடையில் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள், கொடுங்கள்.

இங்கே ஒரு வார்த்தை. லைசென்ஸ் இல்லை என்று கேட்டவுடனே "அப்ப மயில் விரட்ட ஆகுமில்ல" என்று தோட்டத்துக்காரர்கள் ஆரம்பிப்பார்கள். ஆகாது. மக்காச்சோளத்தை மயில் கொத்துவது எனக்கும் தெரியும், ஆனால் அது 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஏர் கன்னால் சுட்டாலும் வழக்கு வழக்குதான்.

மூன்றில் எது என்றால், உங்களுக்கு நான் சொல்வது ஏர் பிஸ்டல். வீடியோவில் உங்களை இழுத்தது துப்பாக்கியை உடம்புக்குத் தக்கபடி செதுக்கிக்கொள்ளும் அந்த வேலை என்று உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. அந்த வேலைக்குச் சட்டம் அனுமதிக்கும் மிகப் பெரிய இடம் ஏர் பிஸ்டலின் கைப்பிடிதான். அப்புறம் ரைஃபிளுக்குக் கேன்வாஸ், தோல் ஜாக்கெட்டும் பேண்டும் போட்டு நிற்க வேண்டும். திருப்பூர் சித்திரை வெயிலில் ஏசி இல்லாத ஷெட்டில் அதைப் போட்டுப் பாருங்கள், ஆசை பாதியாகிவிடும். பிஸ்டலுக்கு ஒரு டீ சர்ட் போதும், அது உங்களிடம் நிறையவே இருக்கும்.

விதிகள் எளிமையானவை. பிஸ்டல் 1500 கிராமுக்கு மேல் போகக் கூடாது. 420 மில்லிமீட்டர் நீளம், 200 உயரம், 50 அகலம் உள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். டிரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தூக்க வேண்டும். ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும், கைப்பிடி மணிக்கட்டைத் தாங்கக் கூடாது. 10 மீட்டரில் கறுப்பு வட்டம் 59.5 மில்லிமீட்டர், அதன் நடுவில் பத்துப் புள்ளி வளையம் 11.5. எலக்ட்ரானிக் இலக்கில் 60 பெல்லட்டுக்கு, அதாவது 60 சின்ன குண்டுக்கு, ஒன்றேகால் மணி நேரம்.

போட்டித் தர பிஸ்டல் என்றால் மொரினி, ஸ்டெயர், வால்தர், ஃபைன்வெர்க்பாவ் என்று நான்கைந்து பெயர்கள்தான் சுற்றி வரும். விலை லட்சத்தைத் தாண்டும். இவற்றில் எது துல்லியம் என்று சண்டை போடுவது வீண். இரும்புப் பிடியில் வைத்துச் சுட்டால் எல்லாமே ஒரே துளையில்தான் போடும். வித்தியாசம் உங்கள் கையில் உட்காருவதில். அதனால் கிளப்பில் இருக்கும் நாலு பேரிடம் கேட்டு, நாலையும் கையில் பிடித்துப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். மர கைப்பிடி அளவு அளவாக வரும், எக்ஸ்எஸ் முதல் எல் வரை. பனியன் அளவு மாதிரியே ஒரு கம்பெனியின் எம் இன்னொரு கம்பெனியின் எஸ்ஸாக இருக்கும்.

கைப்பிடியைச் சரிசெய்யும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் லேத் தேவையில்லாமல் நீங்களே செய்யக்கூடிய மாற்றம் இது ஒன்றுதான். முதலில் இடது கையால் பிஸ்டலைப் பிடித்து, வலது கையின் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் அதை நன்றாக மேலேறும்படி திணியுங்கள். பிறகு நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல். ஆள்காட்டி விரல் மரத்தைத் தொடவே கூடாது. மரத்துக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு தாள் போய்வரும் இடைவெளி வேண்டும். தொட்டால், டிரிகரை இழுக்கும்போது மரத்தையும் சேர்த்துத் தள்ளுவீர்கள், பெல்லட் பக்கவாட்டில் போகும். விரலின் முதல் கணு டிரிகர் மேல் நேராகப் படுவதற்கு டிரிகரையே முன்பின் நகர்த்தலாம்.

இப்போது இலக்கைப் பார்த்து நின்று, கண்ணை மூடி, கையை உயர்த்தி, சும்மா பிடித்த நிலையில் கண்ணைத் திறங்கள். முன் சைட், பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் தானாக நிற்க வேண்டும். தொடர்ந்து இடது பக்கமோ வலது பக்கமோ ஒதுங்கி நின்றால், மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்யாதீர்கள். கைப்பிடியின் கோணத்தைத் திருகால் மாற்றுங்கள், அல்லது உள்ளங்கை உட்காரும் இடத்தில் மரப் புட்டி வைத்து மேடாக்குங்கள். புட்டி ஈரமாக இருக்கும்போதே ஒரு பாலிதீன் தாளைச் சுற்றிக் கையை அழுத்திப் பிடித்தால் உங்கள் ரேகை அப்படியே பதியும். காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி அதே சோதனை. உள்ளங்கைக்கு அடியில் தாங்கும் பலகையை ரொம்ப இறுக்கினால் கை மரத்துவிடும், பெல்லட்டுகள் மேலே ஏறும். ஒரு நூல் தளர்வாகவே விடுங்கள். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். கை வேர்க்கும் நாளில் ஒரு மாதிரி, மார்கழிக் குளிரில் ஒரு மாதிரி உட்காரும்.

டிரிகரை 500 கிராமில் சரியாக வைக்காமல் ஒரு பத்து, இருபது கிராம் கூட்டியே வையுங்கள். போட்டிக்கு முன் சோதனையில் பிஸ்டலைச் செங்குத்தாக நிறுத்தி டிரிகரில் எடையை மாட்டித் தூக்குவார்கள், ஒரு கிராம் குறைந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். டிரிகர் இரண்டு கட்டம்: முதல் கட்டத்தில் எடையில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டு, இரண்டாவதில் கொஞ்சம் மிச்சம் வைத்தால் தொடங்குபவருக்கு நல்லது. சைட்டில் முன் குச்சிக்கு இரண்டு பக்கமும் வெளிச்சம் தாராளமாகத் தெரியட்டும். கறுப்பு வட்டத்தின் மையத்தைக் குறிவைக்க வேண்டாம், அதற்குக் கீழே உள்ள வெள்ளையில் நிறுத்தினால் சைட் தெளிவாகத் தெரியும்.

இனி காற்று. இந்த பிஸ்டல்கள் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்த சின்ன சிலிண்டரில் ஓடுகின்றன. உங்கள் யூனிட்டில் இருக்கும் கம்ப்ரஸர் ஏழெட்டு பார் கொடுக்கும், அது இங்கே எதற்கும் ஆகாது. பக்கத்தில் வெல்டிங் கடையில் ஆக்சிஜன் சிலிண்டரில் 150 பார் இருக்கிறதே என்ற யோசனை உங்களுக்கு வரும், நம் ஊரில் எல்லோருக்கும் வருகிறது. தயவுசெய்து வேண்டாம். ஒரு துளி எண்ணெயோடு உயர் அழுத்த ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும், முகத்துக்குப் பக்கத்தில். ஸ்கூபா வகைக் காற்று சிலிண்டர் வைத்திருக்கும் கிளப்பில் நிரப்புங்கள், அல்லது ஈரம் வடிகட்டும் கையடி பம்ப். கையடி பம்பில் 200 பார் ஏற்றுவதே ஒரு நாள் உடற்பயிற்சிதான்.

பெல்லட் தேர்வுக்கு ரொம்பவும் மெனக்கெட வேண்டாம். ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, ஹெச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் இரண்டும் பிஸ்டலுக்கென்றே கனம் குறைந்த வகையில் வருகின்றன. தலை விட்டம் 4.49, 4.50 என்று நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் விற்பார்கள். மொத்தம் 600-இல் 570-க்கு மேல் சுடத் தொடங்கிய பிறகு அதைப் பற்றிக் கவலைப்படலாம். பெல்லட் ஈயம். சுட்ட பிறகு கை கழுவாமல் முறுக்கு சாப்பிடாதீர்கள்.

மற்ற சாமான்களில் தட்டையான அடியுள்ள, கணுக்காலை மூடாத ஷூ, குறிவைக்காத கண்ணுக்கு முன்னால் 30 மில்லிமீட்டர் அகலத்துக்கு மேற்படாத மறைப்பு, காது அடைப்பான், குழல் முழுவதும் ஓடும் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிறு. அவ்வளவுதான். துருக்கியின் யூசுஃப் டிகெச் 2024 பாரிஸில் சாதாரணக் கண்ணாடியோடு நின்று கலப்பு இரட்டையரில் வெள்ளி வாங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். வீடியோவில் பார்த்த ராணுவப் புள்ளி பேண்டை இங்கே போட்டுக்கொண்டு வராதீர்கள். பன்னாட்டு விதிப்படி அதற்கும் ஜீன்ஸுக்கும் அனுமதி இல்லை.

ரைஃபிள்தான் வேண்டும் என்று மனசு சொன்னால் தடுக்க மாட்டேன். ஏர் ரைஃபிளில் பத்துப் புள்ளி வளையம் அரை மில்லிமீட்டர்தான், புள்ளியும் 10.9 வரை தசமத்தில் போகும். கன்னம் வைக்கும் பலகை, தோள் தட்டு, கைப்பிடி என்று திருகுகள் ஏராளம், ரைஃபிள் 5.5 கிலோவுக்குள் இருக்க வேண்டும். பிறகு .22-க்கு மாறி 50 மீட்டரில் வெளியில் சுடும்போது நம் பக்கத்துப் பிரச்சனை தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடிக்கும்போது பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலை சுற்றுகிற சுற்றில் சின்னத் தோட்டா எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே ரைஃபிளைவிடக் காற்றுக் கொடியைப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் புள்ளி.

ட்ராப் வேறு கணக்கு. பறக்கும் 110 மில்லிமீட்டர் மண் தட்டை 24 கிராம் ரவைத் தோட்டாவால் அடிக்க வேண்டும். மேலும் கீழுமாகக் குழல் உள்ள பெராஸி, பெரெட்டா வகைகள்தான் வழக்கம், தாத்தாவின் பக்கம் பக்கமான ரெட்டைக் குழல் இல்லை. புதுக்கோட்டையிலிருந்து பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை போயிருக்கிறார், எனவே தமிழ்நாட்டிலிருந்து முடியாதது இல்லை. ஆனால் தோட்டாச் செலவும் ரேஞ்ச் தேடி அலைவதும் ஒரு யூனிட்டை நடத்திக்கொண்டு செய்கிற வேலையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கி வாங்கும் முன் கிளப்பில் சேருங்கள். கோவை, ஈரோடு, சேலம் பக்கங்களில் ரேஞ்ச் இருக்கிறது. முதல் சில மாதங்கள் கிளப் பிஸ்டலிலேயே சுடுங்கள், உங்கள் கை எந்த அளவு என்று அதற்குள் தெரிந்துவிடும். பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ஏர் கன் வாங்கிப் பழகலாமா என்று கேட்பவர்கள் நிறைய. டிரிகர் கரடுமுரடு, உதைப்பு முன்னும் பின்னுமாக. அதில் பழகிய கையைத் திருத்த மறுபடி நாளாகும், அந்தக் காசைக் கிளப் சந்தாவில் போடுங்கள்.

துப்பாக்கி நடுவில் நின்றுவிடக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 2021 டோக்கியோவில் மனு பாக்கருக்குப் போட்டி நடுவில் பிஸ்டல் பழுதானது. சரிசெய்து வருவதற்குள் நேரம் போய், 575 புள்ளியோடு 12-ஆவது இடம், இறுதிச் சுற்று இரண்டு புள்ளியில் தவறியது. அதே போட்டியில் மூன்று வருடம் கழித்துப் பாரிஸில் வெண்கலம் வாங்கினார். த்ரீ கன் ரைஃபிளில் கேஸ் திருகை ஒரு நிலை கூட்டி வைப்பவரும் பயப்படுவது இதற்குத்தான்.

அப்புறம், பழைய பிஸ்டல் வாங்குவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கிளப்பில் சேர்ந்த முதல் மாதமே யாராவது ஒன்றைக் காட்டுவார்கள். சிலிண்டரில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதியை முதலில் பாருங்கள். பெரும்பாலும் 10 வருடம்தான் ஆயுள் கொடுக்கிறார்கள், காலாவதியானதைப் போட்டியிலும் ஏற்க மாட்டார்கள், புதுச் சிலிண்டர் விலை பேரத்தில் கழிய வேண்டும். 200 பார் ஏற்றி ஒரு ராத்திரி வைத்து, காலையில் முள் இறங்கியிருந்தால் சீல் போயிருக்கிறது, அது சின்ன வேலை. கைப்பிடி இன்னொருவர் கைக்குச் செதுக்கியதாக இருந்தால் அதற்குத் தனியாக விலை கொடுக்காதீர்கள், உங்களுக்கு அது விறகு. சீரியல் எண்ணோடு பில் தர விற்பவர் தயங்கினால், பிஸ்டல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.